கொப்புள நோயில் ஈஎஸ்ஆரும் சிஆர்பியும் ஏறினால் ஸ்டீராய்டைக் கூட்ட வேண்டுமா?

கேள்வி இது: "அம்மாவுக்கு 56 வயது. பெம்ஃபிகஸ் வல்காரிஸ். வைசோலோன் 40 மி.கி.யில் தொடங்கி இப்போது 20க்கு வந்திருக்கிறோம். புதுக் கொப்புளம் வரவில்லை, வாய்ப்புண் பாதி ஆறிவிட்டது. ஆனால் போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஈஎஸ்ஆர் 68, சிஆர்பி 2.1. லேப்பில் இருந்தவர் 'உள்ளே அழற்சி இன்னும் அடங்கலை' என்கிறார். என்எல்ஆர் என்று ஒன்று பார்க்கச் சொல்கிறார்களே, அதையும் கணக்குப் போட்டால் 7க்கு மேல் வருகிறது. மாத்திரையைக் கூட்ட வேண்டுமா?"

ஈஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனைகள்; வைசோலோன் ஒரு ஸ்டீராய்டு மாத்திரை. இந்த எண்களை மட்டும் வைத்து அதைக் கூட்ட வேண்டியதில்லை. அதற்காக ரிப்போர்ட்டை மடித்து ஓரமாக வைத்துவிடவும் கூடாது. அந்த சிஆர்பி ஏன் ஏறியிருக்கிறது என்று தேட வேண்டும். தேட வேண்டிய இடம் பெரும்பாலும் கொப்புளம் அல்ல. ஏன் என்று விளக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதே ரிப்போர்ட்டைக் காட்டி ஸ்டீராய்டை ஏற்றிவிட்டு, அப்புறம் கிருமித் தொற்றில் போய் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

முதலில் ஒரு சின்ன விஷயம். சிஆர்பி 2.1 என்கிறீர்கள். பக்கத்தில் என்ன அலகு போட்டிருக்கிறது என்று பாருங்கள். சில லேப்கள் ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று தருவார்கள், சில லேப்கள் ஒரு டெசிலிட்டருக்கு என்று தருவார்கள். பத்து மடங்கு வித்தியாசம். லிட்டருக்கு 2.1 என்றால் அது நார்மல், பேச்சே இல்லை. டெசிலிட்டருக்கு 2.1 என்றால் லிட்டருக்கு 21, அது ஏறியிருக்கிறது. நீங்கள் அனுப்பிய விவரத்தில் "0.5க்குள் இருக்க வேண்டும்" என்று நார்மல் அளவு இருப்பதால், இது டெசிலிட்டர் கணக்கு என்றே எடுத்துக்கொள்கிறேன். அதாவது 21. மிதமான ஏற்றம். அடுத்த மாதம் வேறு லேப்பில் எடுத்து "21 ஆகிவிட்டது, பத்து மடங்கு கூடிவிட்டது" என்று பதற வேண்டாம், இரண்டும் ஒன்றுதான்.

இப்போது நோய்க்கு வருவோம். நம் தோலின் மேலடுக்கில் உள்ள செல்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருக்க டெஸ்மோகிளீன் என்ற புரதம் வேண்டும். பெம்ஃபிகஸில் உடம்பே அந்தப் புரதத்துக்கு எதிராக ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிக்கிறது. நோயாளிகளின் ரத்தத்தில் இப்படி ஆன்டிபாடி இருப்பதை 1964இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் பாய்ட்னரும் ஜோர்டனும் காட்டினார்கள். அந்த ஆன்டிபாடி போய் ஒட்டியதும் செல்களின் பிடி விட்டுப்போகிறது, இடையில் நீர் சேர்கிறது, கொப்புளம் ஆகிறது. இதில் கவனிக்க வேண்டியது, இந்த ஆன்டிபாடிகளில் பெரும்பங்கு ஐஜிஜி4 வகை. அந்த வகைக்கு காம்ப்ளிமென்ட் என்ற ரத்தப் புரதப் படையைத் தூண்டிவிடும் திறமை கிடையாது. 1980களில் நோயாளிகளின் ஆன்டிபாடியைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். கொப்புளம் வந்தது. காம்ப்ளிமென்ட் குறைபாடுள்ள எலிகளுக்குச் செலுத்தியபோதும் வந்தது. ஆக, பெம்ஃபிகஸில் தோல் கழல்வதற்குப் பெரிய அழற்சி எதுவும் தேவையில்லை. பயாப்சியைப் பார்த்தாலும் அதுதான் தெரியும்: செல்கள் கழன்று மிதக்கும், ஆனால் சுற்றிலும் வெள்ளையணுக் கூட்டம் அவ்வளவாக இருக்காது.

புல்லஸ் பெம்ஃபிகாய்டு கதை வேறு. பேர் ஒன்று போல ஒலிப்பதாலும், இரண்டிலும் கொப்புளம் வருவதாலும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். 1953இல் லீவர் பிரித்துக் காட்டும்வரை மருத்துவர்களே இரண்டையும் ஒரே பேரில்தான் அழைத்தார்கள். பெம்ஃபிகாய்டில் ஆன்டிபாடி போய்த் தாக்குவது மேல்தோலும் அடித்தோலும் சேரும் இடத்தை. அங்கே காம்ப்ளிமென்ட் எரிகிறது, நியூட்ரோஃபில், ஈயோசினோஃபில் என்ற வெள்ளையணுக்கள் வந்து குவிகின்றன, அவை கக்கும் நொதிகள்தான் தோலைப் பிரிக்கின்றன. எலிகளில் நியூட்ரோஃபில்களை நீக்கிவிட்டுச் சோதித்தபோது கொப்புளமே வரவில்லை. இது முழுக்க அழற்சி நோய். அதனால்தான் அந்த நோயாளிகளுக்கு கொப்புளம் வருவதற்கு மாதக்கணக்கில் முன்பே தாங்கமுடியாத அரிப்பு வரும்.

இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் ரிப்போர்ட்டைப் படிப்பது சுலபம். ஈஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் அழற்சியை அளக்கிறவை. பெம்ஃபிகஸ் என்ற நோய்க்கு அழற்சி குறைவு. எனவே உங்கள் அம்மாவின் நோய் கூடுகிறதா குறைகிறதா என்பதை அவற்றிடம் கேட்பது, அடுத்த ஊர் தாசில்தாரிடம் நம் ஊர்ப் பட்டாவைக் கேட்பது மாதிரி.

ஈஎஸ்ஆர் எப்படி எடுக்கிறார்கள் என்று பார்த்தால் அதன் மேல் உள்ள பயம் பாதி போய்விடும். சிட்ரேட் கலந்த ரத்தத்தை நீளமான கண்ணாடிக் குழாயில் ஏற்றி, செங்குத்தாக நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கின்றன என்று அளக்கிறார்கள், அவ்வளவுதான். 1920களில் வெஸ்டர்கிரன் வகுத்த முறை. ரத்தத்தில் ஃபைப்ரினோஜன், இம்யூனோகுளோபுலின் (ஆன்டிபாடி) என்ற புரதங்கள் கூடினால் சிவப்பணுக்கள் காசு அடுக்கியது போல ஒட்டிக்கொண்டு சீக்கிரம் இறங்கும். ஆனால் சிவப்பணுவே குறைவாக இருந்தாலும் சீக்கிரம் இறங்கும். அதாவது ரத்தசோகை. உங்கள் அம்மாவின் ஹீமோகுளோபின் 9.8 என்று அதே ரிப்போர்ட்டில் இருக்கிறது. ஈஎஸ்ஆர் 68இல் ஒரு பங்கு அதற்கே போய்விடும். வயதுக்கும் ஒரு பங்கு உண்டு. பெண்களுக்கு வயதோடு 10 கூட்டி இரண்டால் வகுத்தால் வருவது ஏறத்தாழ மேல் எல்லை, அவருக்கு 33. அப்புறம் குழாய் மூன்று டிகிரி சாய்ந்து நின்றாலே அளவு 30 சதவீதம் வரை கூடும். மே மாத வெயிலில் ஏசி இல்லாத லேப்பில் எடுத்தாலும் கூடும். இன்னொன்று: பெம்ஃபிகஸுக்கு இம்யூனோகுளோபுலின் டிரிப் ஏற்றுவதுண்டு. ஏற்றிய கொஞ்ச நாளைக்கு ஈஎஸ்ஆர் தானாகவே எகிறும், ஏனென்றால் சிவப்பணுக்களை ஒட்டவைக்கும் புரதத்தையே அல்லவா நாம் ஏற்றியிருக்கிறோம். அதைப் பார்த்து "மருந்து வேலை செய்யவில்லை" என்று முடிவு கட்டினால் அநியாயம்.

இறங்குவதிலும் ஈஎஸ்ஆர் மந்தம். காரணம் நீங்கிய பிறகும் வாரக்கணக்கில் உயரத்திலேயே நிற்கும். எனக்கு உண்மையைச் சொன்னால் பெம்ஃபிகஸ் நோயாளிக்கு மாதாமாதம் ஈஎஸ்ஆர் எழுதித் தருவதில் நம்பிக்கை இல்லை. காசநோய் சந்தேகம் மாதிரி தனிக் காரணம் இருந்தால் சரி.

சிஆர்பி அப்படியல்ல, அதற்கு நான் மரியாதை கொடுப்பேன். 1930இல் நியூயார்க் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில், நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில்தான் முதலில் இதைக் கண்டுபிடித்தார்கள். உடம்பில் எங்காவது கிருமியோ காயமோ வந்தால் ஐஎல்-6 என்ற தூது கல்லீரலுக்குப் போகும், கல்லீரல் சிஆர்பியைச் சுரக்கும். ஆறு மணி நேரத்தில் ஏறத் தொடங்கும், இரண்டு நாளில் உச்சம். காரணம் தீர்ந்தால் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகும். அதனால் இன்றைய எண் இன்றைய நிலையைச் சொல்லும். பெம்ஃபிகஸில் உடம்பெல்லாம் தோல் உரிந்து, படுக்கைவிரிப்பு ஒட்டக்கூடாது என்று வாழையிலையில் படுக்கவைக்கும் அளவுக்கு இருப்பவர்களுக்கு சிஆர்பி கூடியிருக்கும். அங்கே அவ்வளவு பெரிய ரணம் இருக்கிறது, ரணத்தில் கிருமியும் இருக்கிறது. ஆனால் உங்கள் அம்மா மாதிரி, புதுக் கொப்புளம் இல்லாமல், வாயில் மட்டும் கொஞ்சம் பாக்கி இருப்பவருக்கு, அதுவும் தினம் 20 மி.கி. ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்கு, 21 என்பது யோசிக்க வைக்கும் எண். ஸ்டீராய்டே சிஆர்பியை அமுக்கும். அமுக்கியும் இவ்வளவு இருக்கிறது என்றால் எங்கோ ஏதோ இருக்கிறது.

எங்கே தேடுவது? மூத்திரத்தில் முதலில். இந்த வயதுப் பெண்கள், ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறியவர்கள், எரிச்சல்கூட இல்லாமல் மூத்திரத் தொற்றோடு இருப்பார்கள். அடுத்து வாய். வாய்ப்புண் வலியால் பல மாதமாக ஒழுங்காகப் பல் துலக்கியிருக்க மாட்டார், ஈறு வீங்கிச் சீழ் வைத்திருக்கும், அதை எல்லோரும் பெம்ஃபிகஸ் கணக்கிலேயே எழுதிவிடுவார்கள். நாக்கில் தயிர் ஆடை மாதிரி வெள்ளையாக இருந்தால் அது கேண்டிடா பூஞ்சை, ஸ்டீராய்டைக் கூட்டினால் இன்னும் படரும். நெஞ்சுச் சளி, மாலைக் காய்ச்சல், எடை இறக்கம் இருந்தால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும், நம் நாட்டில் நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்குப் பழைய காசநோய் தலைதூக்குவது புதிதல்ல. ஊசி போட்ட கை நரம்பு கன்றிச் சிவந்திருக்கிறதா, கால் விரலிடுக்கில் புண் இருக்கிறதா, முதுகிலும் மார்புக்கு அடியிலும் ஆறாத ரணம் ஏதாவது நாற்றம் அடிக்கிறதா என்று உடையை விலக்கிப் பாருங்கள். பெரியவர்கள் கூச்சத்தில் காட்ட மாட்டார்கள்.

"காய்ச்சல் இல்லையே" என்று நீங்கள் சொல்லலாம். ஸ்டீராய்டு காய்ச்சலையும் அமுக்கிவிடும். இந்த நோயாளிகளிடம் நான் தெர்மாமீட்டரைவிட நாடித்துடிப்பையும் சாப்பாட்டையும் நம்புவேன். நேற்றுவரை இரண்டு இட்லி சாப்பிட்டவர் இன்று அரை இட்லியில் தட்டைத் தள்ளினால், பகலில் தூங்கி வழிந்தால், நாடி நூறைத் தாண்டினால், உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ஸ்டீராய்டு வருவதற்கு முன் பெம்ஃபிகஸ் வந்தவர்களில் பெரும்பாலோர் நோயாலேயே இறந்தார்கள். இன்று அவர்களின் உயிரை எடுப்பதில் முதலிடம் கிருமித் தொற்றுக்கு. அதனால்தான் காரணம் தெரியாத சிஆர்பிக்கு ஸ்டீராய்டைப் பதிலாகக் கொடுப்பதை நான் இவ்வளவு கறாராக மறுக்கிறேன்.

பாக்டீரியாத் தொற்றா வேறா என்று குழப்பமாக இருக்கும்போது புரோகால்சிட்டோனின் என்ற பரிசோதனை உதவும். பாக்டீரியா ரத்தத்தில் பரவும்போது அது நன்றாக ஏறும், நோயின் சொந்த அழற்சிக்கு அவ்வளவாக ஏறாது. வெளியில் எடுத்தால் செலவு கூடுதல், எல்லோருக்கும் தேவையும் இல்லை. ஆறாமல் அடம்பிடிக்கும் ரணத்தில், விளிம்பில் குத்தி எடுத்தது போலச் சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தால் ஹெர்ப்பிஸ் வைரஸாக இருக்கலாம். அங்கே சிஆர்பி பெரிதாக ஒன்றும் சொல்லாது, கண்தான் சொல்ல வேண்டும். நோய் முற்றிவிட்டது என்று நினைத்து ஸ்டீராய்டை ஏற்றினால் வைரஸுக்குக் கொண்டாட்டம்.

இனி அந்த என்எல்ஆர். நியூட்ரோஃபில் எண்ணிக்கையை லிம்ஃபோசைட் என்ற இன்னொரு வகை வெள்ளையணுவின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. சாதாரண ரத்த எண்ணிக்கையிலிருந்தே காசில்லாமல் கிடைப்பதால் இதை வைத்து ஏகப்பட்ட கட்டுரைகள் வருகின்றன. கொப்புள நோயிலும் வந்திருக்கின்றன, பெரும்பாலும் பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டி எடுத்த கணக்குகள். சிகிச்சை தொடங்கும் முன் எடுத்த ரத்தம் என்றால் அதற்கு ஓரளவு பொருள் உண்டு. உங்கள் அம்மாவின் கணக்கைப் பார்ப்போம்: மொத்த வெள்ளையணு 13,400, நியூட்ரோஃபில் 82 சதவீதம், லிம்ஃபோசைட் 11 சதவீதம். 82ஐ 11ஆல் வகுத்தால் ஏறத்தாழ 7.5. கணக்கு சரி. ஆனால் இந்த ஏற்றத்தை ஸ்டீராய்டே செய்யும். ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக் கிடக்கும் நியூட்ரோஃபில்களை ஸ்டீராய்டு கழற்றி ஓட்டத்தில் விட்டுவிடும், லிம்ஃபோசைட்டுகளை ரத்தத்திலிருந்து வெளியேற்றிவிடும். மேலே உள்ளது கூடி, கீழே உள்ளது குறைந்தால் விகிதம் எகிறாமல் என்ன செய்யும்? கூடவே நோயெதிர்ப்பை அடக்கும் அசத்தியோப்ரின் மாத்திரை சாப்பிட்டால் லிம்ஃபோசைட் இன்னும் குறையும். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்கு என்எல்ஆர் பார்த்து நோயை எடைபோடுவது வீண் வேலை, என் கருத்தில் கொஞ்சம் ஆபத்தான வேலையும்கூட.

டெல்லி எய்ம்ஸில் பஸ்ரிச்சா 1980களில் கொண்டுவந்த பல்ஸ் சிகிச்சை இன்னும் பல ஊர்களில் நடக்கிறது. மூன்று நாள் தொடர்ந்து 100 மி.கி. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு டிரிப், அதில் ஒரு நாள் நோயெதிர்ப்பை அடக்கும் சைக்ளோஃபாஸ்ஃபமைடும் சேர்த்து, 28 நாளைக்கு ஒரு முறை. அந்த மூன்று நாளுக்குப் பிறகு எடுக்கும் ரத்த எண்ணிக்கையில் வெள்ளையணு துள்ளிக்கொண்டு நிற்கும். டிரிப் ஏற்றுவதற்கு முன் எடுத்ததையே ஒப்பிட்டுப் பாருங்கள். வெள்ளையணு ஏற்றம் ஸ்டீராய்டாலா தொற்றாலா என்று பிரிக்க, ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லலாம். முதிராத நியூட்ரோஃபில்களும் அவற்றுக்குள் கரடுமுரடான கருந்துகள்களும் தெரிந்தால் தொற்றின் பக்கம் சாயலாம். மெஷின் அச்சடித்துத் தரும் எண்ணிக்கையில் இது தெளிவாக வராது, ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அப்படியானால் நோய் அடங்கியதா என்பதை எதை வைத்துச் சொல்வது? முதலில் தோலையும் வாயையும் வைத்து. புதிதாகக் கொப்புளம் வருகிறதா, பழையது ஆறத் தொடங்கிவிட்டதா, இந்த இரண்டு கேள்விக்கும் பதில் வீட்டிலேயே கிடைக்கும். மருத்துவர் அதையே இடம் இடமாக மதிப்பெண் போட்டு எழுதிக்கொள்வார். ரத்தத்தில் பார்க்க வேண்டுமென்றால் டெஸ்மோகிளீன் ஆன்டிபாடியை எலிசா முறையில் பார்க்கலாம். டெஸ்மோகிளீன் 1 தோல் புண்ணோடு ஓரளவு கூடவே ஏறி இறங்கும். வாய்ப்புண்ணோடு தொடர்புள்ள டெஸ்மோகிளீன் 3 அப்படிச் சமர்த்தாக நடக்காது, புண் முழுக்க ஆறிய பிறகும் சிலருக்கு உயர்ந்தே இருக்கும். ஒவ்வொரு கிட்டுக்கும் நார்மல் எல்லை வேறு, அதனால் ஒரே லேப்பில் எடுங்கள். ரிட்டுக்ஸிமாப் போட்டவர்கள் இரண்டாவது வாரமே எலிசா எடுத்து ஏமாற வேண்டாம். அந்த ஊசி ஆன்டிபாடி உருவாகக் காரணமான பி செல்களைத்தான் அழிக்கும், ஏற்கெனவே ரத்தத்தில் சுற்றும் ஆன்டிபாடி பாதியாகவே மூன்று வாரம் ஆகும். மாத்திரையை மேலும் குறைக்கலாமா, நிறுத்தலாமா என்ற இடத்தில்தான் இந்தப் பரிசோதனைக்குக் காசு செலவழிப்பதில் அர்த்தம் இருக்கிறது.

பெம்ஃபிகாய்டு உள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் கொஞ்சம். உங்களுக்கு ஈயோசினோஃபில் எண்ணிக்கை பயனுள்ள எண். ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது கூடியிருக்கும், ஐஜிஇ என்ற ஆன்டிபாடி அதைவிட அதிகம் பேருக்கு. ஆனால் ஸ்டீராய்டு தொடங்கிய ஓரிரு நாளில் ஈயோசினோஃபில் சரிந்து பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் போய்விடும், ஆகவே மருந்துக்கு முன் எடுத்த எண் கையில் இருப்பது நல்லது. குடற்புழு இருந்தாலும் அது கூடும் என்பதையும் மறக்கக் கூடாது. நோயைத் தொடர்ந்து பார்க்க, பிபி180 என்ற தோல் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியின் அளவு நன்றாக உதவும், பிபி230 என்ற இன்னொரு புரதத்துக்கானது அந்த அளவுக்கு இல்லை. சிகிச்சையை நிறுத்தும் நேரத்தில் பிபி180 உயர்ந்திருந்தால் நோய் திரும்ப வரும் வாய்ப்பு கூடுதல். வயதானவருக்கு அல்புமின் குறைவாக இருந்தால் அதை ஈஎஸ்ஆரைவிடப் பெரிய எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு வில்டாகிளிப்டின் மாதிரி கிளிப்டின் மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கொப்புளம் வந்திருந்தால், அந்த மாத்திரை காரணமாக இருக்கலாம் என்று தோல் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சர்க்கரை டாக்டர் ஒருவர், தோல் டாக்டர் ஒருவர் என்று பார்க்கும்போது இது நடுவில் விழுந்துவிடுகிறது. டாப்ஸோன் என்ற மாத்திரை கொடுத்திருந்தால் அது சிவப்பணுவை உடைக்கும், ஹீமோகுளோபின் இறங்கும், அந்தச் சாக்கில் ஈஎஸ்ஆர் ஏறும். மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கான ஹெச்பிஏ1சி பொய்யாகக் குறைந்தும் காட்டும். "சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கு" என்று சந்தோஷப்படுவதற்கு முன் விரல் நுனியில் குத்தி ஒரு தடவை பாருங்கள்.

உங்கள் அம்மாவுக்கு வருவோம். மருத்துவரைக் கேட்காமல் வைசோலோனைக் கூட்டவும் வேண்டாம், "தொற்று இருக்குமோ" என்று பயந்து திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். இத்தனை மாதம் சாப்பிட்ட பிறகு உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதை ஏறக்குறைய மறந்திருக்கும், சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்துவிடும். மூத்திரப் பரிசோதனையும் கல்ச்சரும், சர்க்கரை, நெஞ்சு எக்ஸ்ரே, பல் டாக்டரிடம் ஒரு நடை, இவற்றை இந்த வாரம் முடித்துவிடுங்கள். கல்ச்சருக்கு மூத்திரம் கொடுத்த பிறகுதான் ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும், முன்னாலேயே இரண்டு மாத்திரை விழுங்கிவிட்டால் கிருமி வளராது. ஹீமோகுளோபின் 9.8க்கு இரும்புச்சத்து, பி12 பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டோடு வலி மாத்திரையும் சாப்பிட்டிருந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு உண்டா என்றும் கேளுங்கள், மலம் தார் மாதிரி கருப்பாகப் போகிறதா என்று அம்மாவிடம் விசாரியுங்கள். சிஆர்பியை ஒரு வாரம் கழித்து, அதே லேப்பில், அதே அலகில் மறுபடி எடுங்கள். 21 என்பது 8 ஆகியிருந்தால் வந்தது போய்விட்டது. 60 ஆகியிருந்தால் ஓபி வரிசையில் நிற்காமல் நேராக அட்மிஷனுக்கே போங்கள். ஈஎஸ்ஆர் மறுபடி எடுக்க வேண்டாம்.